ஈஸ்னோபில் 5 சதவீதம்: நார்மலா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு 64 வயது. பீடியால் வந்த சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நிரந்தரமாகச் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்). போன வருடம் இரண்டு தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் மொத்த வெள்ளணுக்கள் 8,200, அதில் ஈஸ்னோபில் என்ற வகை 5 சதவீதம். லேப் தாளில் நார்மல் என்றிருக்கிறது. டாக்டரோ அதைப் பார்த்துத்தான் இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்த்தார். ஏன்?

பதில்: சதவீதத்தை விடுங்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். 8,200-ஐ 5-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 410. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவ்வளவு ஈஸ்னோபில். மொத்த வெள்ளணு 4,500 உள்ளவருக்கு அதே 5 சதவீதம் 225 தான். சி.ஓ.பி.டி.யில் 300-ம் அதற்கு மேலும் இருந்து, அடிக்கடி நோய் முற்றினால் ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தர வாய்ப்பு அதிகம். 100-க்குக் கீழே போனால் பலன் சொற்பம், நிமோனியா பயம்தான் மிச்சம். இடைப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்துத்தான் முடிவு. அப்பாவுக்குச் சேர்த்தது பொருத்தமே. ஆனால் மூச்சுக்குழாயை விரிக்கும் பழைய மருந்துகளை விட்டுவிடக் கூடாது. இந்த நோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் தனியாகப் போதாது. இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.

இன்னொன்று. நம் பக்கம் தீராத இருமலுக்கெல்லாம் ‘ஈஸ்னோபீலியா’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். அது நோயின் பெயரல்ல, அணு கூடியிருக்கிறது என்பதன் பெயர். எஸ்டேட் மண்ணில் வெறுங்காலோடு நடந்தவருக்குக் குடற்புழுவாலும் அது ஏறும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மலப் பரிசோதனையையும் டாக்டரிடம் கேளுங்கள். எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டினால், முக்கியமாகச் சமவெளியில் வாழ்ந்தவர் என்றால், யானைக்கால் புழு நுரையீரலில் கிளப்பும் நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன், வயது 38, ஆஸ்துமா. வீசிங் வந்து ப்ரெட்னிசலோன் மாத்திரை போட்ட மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தேன். ஈஸ்னோபில் பூஜ்ஜியம். அப்படியானால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. அந்த மாத்திரை சில மணி நேரத்திலேயே ஈஸ்னோபிலை ரத்தத்திலிருந்து விரட்டிவிடும். நீங்கள் பார்த்தது மாத்திரையின் வேலை. கோர்ஸ் முடிந்து இரண்டு மூன்று வாரம் போகட்டும். காலையில் இந்த அணு குறைந்தும் இரவில் கூடியும் இருக்கும் என்பதால், அதே லேபில் ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுங்கள். ஒரு தடவை குறைந்ததை நம்பி முடிவுகட்டாதீர்கள், இரண்டு மூன்று முறை பார்ப்பார்கள். எண் எதுவானாலும் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை, சி.ஓ.பி.டி. கணக்கை இங்கே போடக் கூடாது. இன்ஹேலரைச் சரியாக இழுத்தும் அடங்காதவர்களுக்கு, ஈஸ்னோபிலைக் குறைக்கும் மெப்போலிசுமாப் போன்ற ஊசி பொருந்துமா என்று பார்க்கும்போதுதான் இந்த எண் பெரிதாகக் கைகொடுக்கும்.