விருந்தோம்பலைக் கிறிஸ்தவ விசுவாசத்தின் பகுதி என்கிறார்களே, உங்கள் வீட்டில் அது எப்படி நடக்கிறது?

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை உபதேசியார், அதாவது குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிப்பவர். கோயிலை ஒட்டி இரண்டு அறை வீடு. கடைசி பஸ்ஸை விட்டவர், சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) வேலையாக வந்தவர், யாரென்றே தெரியாதவர் எல்லாருக்கும் அதுதான் சத்திரம். விருந்தோம்பல் என்றதும் எனக்கு அடுப்படியில் அம்மா முணுமுணுக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும்.

தப்பாக நினைக்காதீர்கள், முணுமுணுப்பு வேதத்திலேயே இருக்கிறது. "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்று பேதுருவின் முதல் நிருபம் (4:9) சொல்கிறது. அன்றைக்கும் முறுமுறுத்துக்கொண்டேதான் சோறு போட்டிருக்கிறார்கள் போல!

எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைத்து, கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுப்பார்கள். ஒரு மாதக் கடைசியில், ராத்திரி ஒன்பது மணி மழையில், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் கதவைத் தட்டினார். வீட்டில் அரிசி இல்லை. அம்மா கோயில் டப்பாவைத் திறந்து ஆழாக்கால் அளந்து உலையில் போட்டாள். காலையில் வைத்த புளிக்குழம்பு, சுட்ட கருவாடு. உள்ளே வரமாட்டேன், நடையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் அவர். அப்பா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அம்மா டப்பாவில் இரண்டிரண்டு கைப்பிடி போட்டாள். "அதான் ஆண்டவர் பேர்ல செலவாயிட்டே, பெறகு எதுக்கு?" என்றார் அப்பா.

"வந்தவுக கணக்கு வேற, கோயில் கணக்கு வேற."

எபிரெயர் 13:2இல் "அந்நியரை உபசரிக்க மறவாதிருங்கள்" என்று வரும் இடத்தில் மூலக் கிரேக்கச் சொல் ஃபிலோக்செனியா. அந்நியர்மேல் அன்பு என்று பொருள். தமிழிலும் விருந்து என்றால் முதலில் புதுமை, அப்புறம் புதிதாக வந்தவர். இன்றைக்கு அது சொந்தக்காரருக்கு பிரியாணி போடுவது என்று ஆகிவிட்டது. சிநேகிதரையும் உறவினரையும் பணக்கார அயலாரையும் கூப்பிடாதே, அவர்கள் பதிலுக்கு உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். இதை அப்படியே செய்கிற வீட்டை நான் பார்த்ததில்லை, என் வீடு உட்பட.

இப்போது நாங்கள் இருப்பது சென்னையில், ஒரு ஃப்ளாட்டில். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், சொந்தமும் சபையும் அல்லாத ஒருவருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. அன்றைக்குச் சமையல் என் பொறுப்பு. ஆண்கள் தாராளமாகக் கூப்பிட்டுவிட்டு, பெண்கள் அடுப்படியில் வேகிறது ஓசிப் புண்ணியம். கை கழுவியதும் மதப் பிரசாரக் கைப்பிரதி நீட்டுகிற பழக்கமும் எங்களிடம் கிடையாது. சோற்றுக்கு அது விலை மாதிரி ஆகிவிடும்.

இதற்கெல்லாம் ஓர் அளவு வேண்டாமா என்றால், வேண்டும். டிடாக்கே என்ற ஆதித் திருச்சபை நூல், ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. இரண்டு நாள் என்று வந்து எங்கள் வீட்டில் 11 நாள் தங்கிய ஊழியக்காரர் ஒருவர் உண்டு. நல்லவேளை, அம்மாவுக்கு இந்த நூலைப் பற்றித் தெரியாது.

போன வருஷம் எங்கள் குடியிருப்பின் காவலாளியைக் கூப்பிட்டோம். அஸ்ஸாம்காரர். செருப்பைக் கீழ்த்தளத்திலேயே கழற்றிவிட்டு மூன்று மாடி ஏறி வந்தார். என் மீன் குழம்பை மரியாதைக்காகச் சாப்பிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த முறை வரும்போது பேண்ட் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடுகு எண்ணெய். "இன்னைக்கு நான் செய்யட்டுமா சார்?" என்றார். அடுப்பை விட்டு நகர்ந்துகொண்டேன்.