மகத்துக்குத் தெற்கே ஒரு சாண்

கேள்வி: 6 அங்குலத் தொலைநோக்கியில் என்ஜிசி 3115 என்ற விண்மீன் திரளைப் பார்த்தேன். வெளிறிய ஒரு கீற்றுதான் தெரிந்தது. சுருள் கைகள் எதுவும் இல்லை. கருவியில் குறையா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: கருவியைப் பழிக்காதீர்கள். குன்னூரில் என் வீட்டு மாடியிலிருந்து 8 அங்குலக் கருவியில் பார்த்தாலும் அதே கீற்றுதான். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்திலும் கைகள் கிடையாது, ஏனென்றால் அது லென்ஸ் வடிவ விண்மீன் திரள். நம் பால்வழியைப் போல அதற்கும் தட்டு உண்டு, நடுவே புடைப்பும் உண்டு. ஆனால், புது விண்மீன்கள் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சுருள் கைகளைப் பளிச்சென்று காட்டுபவை இளம் நீல விண்மீன்கள்தாம். அவை இல்லாததால் முதிய விண்மீன்களின் மஞ்சள் ஒளி வழவழப்பாகப் பரவியிருக்கிறது. அதோடு இந்தத் திரள் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது; இட்லியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல நடு தடித்து, முனைகள் மெலிந்து தெரிகின்றன.

1787-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட திரள் இது. தூரம் சுமார் 3.2 கோடி ஒளியாண்டு. 1992-இல் வானியலாளர்கள் ஜான் கார்மெண்டியும் டக்ளஸ் ரிச்ஸ்டோனும் அதன் மையத்தருகே விண்மீன்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று அளந்தார்கள். அந்த வேகத்தைக் கட்டுக்குள் வைக்க ஏறத்தாழ 100 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். நம் பால்வழியின் நடுவில் இருப்பதோ 40 லட்சம் சூரிய நிறைதான்! அப்பேர்ப்பட்ட ஒன்றைக் கோத்தகிரியிலிருந்தே பிடித்திருக்கிறீர்கள். படித்ததும் மனம் நிறைந்துபோனது.

மறுபடியும் பாருங்கள். மார்ச் கடைசியில், நிலவில்லாத இரவு பத்தரை மணிவாக்கில், நம் மலையில் மகம் (ரெகுலஸ்) விண்மீன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே நிற்கும். கையை நீட்டி, அங்கிருந்து தெற்கே ஒரு சாண் அளந்தால் இடம் கிடைத்துவிடும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஒதுக்குங்கள். கீற்றின் முனைகள் நீளும்.

கேள்வி: அதன் ஹைட்ரஜனை ஊட்டி முத்தோரை ரேடியோ தொலைநோக்கியால் அறிய முடியுமா?
- அதே வாசகர்

பதில்: முடியாது. பக்கத்துத் திரள்களின் ஹைட்ரஜன் அலை 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரும். முத்தோரைக் கருவி கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ் வாக்கில். இந்தத் திரளில் ஹைட்ரஜனும் சொற்பம். ஆனாலும் அங்கே ஒருமுறை போய்வாருங்கள். 530 மீட்டர் நீளக் கருவியை அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டதால், ஒரே திசையில் உருட்டியே வானத்தை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.