எட்டுக்கு எட்டு கட்டம்: ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ கேள்வி பதில்

‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ என்ற இந்த ஃபான்ட் பேக்மேன் விளையாட்டில் வந்த எழுத்தா, சார்?

அந்த வம்சம்தான். பேக்மேனைச் செய்த நாம்கோ நிறுவனத்தின் 1980களின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளில் இருந்த எழுத்தை வைத்து கோட்மேன்38 என்பவர் செய்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் 8×8 கட்டம். அதில் ஒரு கிடை வரிசையும் ஒரு நெடு வரிசையும் இடைவெளிக்குப் போய்விடும், மிச்சம் 7×7. நெடுங்கோடு 2 கட்டம், கிடைக்கோடு 1 கட்டம் என்பதால்தான் அந்தத் தடித்த தோற்றம்.

எழுத்தளவு 20 பிக்சல் கொடுத்தேன். போனில் பளிச்சென்று இருக்கிறது, ஆபீஸ் மானிட்டரில் மங்கல். ஏன்?

20-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.5 வரும். திரையால் அரைப் புள்ளி போட முடியாது. அதனால் ஓரத்தில் சாம்பல் பூசிச் சமாளிக்கிறது. உங்கள் போன் 2 மடங்கு அடர்த்தியுள்ள திரையாக இருக்கும். அங்கே 20 என்பது 40 புள்ளி, ஒரு கட்டத்துக்குச் சரியாக 5. 8, 16, 24, 32 என்றே வையுங்கள், 1, 2, 3 என்று முழு மடங்கு அடர்த்தியுள்ள திரையில் தப்பாது.

என் தளம் முழுக்க இதையே போடலாமா, அண்ணா?

வேண்டாம் தம்பி. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 16 பிக்சலில் 20 எழுத்துக்கே 320 பிக்சல் போய்விடும். தலைப்பு, ஸ்கோர், பட்டன், அவ்வளவுதான். பத்தி பத்தியாக இந்தப் பழைய கால (ரெட்ரோ) தோற்றம் வேண்டுமென்றால் ‘விடி323’ ஃபான்ட்டைப் பாருங்கள். வி.டி.320 என்ற பழைய கம்ப்யூட்டர் டெர்மினலின் எழுத்தைப் பார்த்துச் செய்தது, ஒடுக்கமானது.

வினைல் ஸ்டிக்கர் கட்டிங்கில் ‘0’ மட்டும் பிய்ந்து வருகிறது.

நல்ல கேள்வி. ‘0’-வைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது மேல் மூலையிலும் வலது கீழ் மூலையிலும் கட்டங்கள் நுனியில் மட்டும்தான் தொடுகின்றன. திரையில் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும், கத்தி பார்க்காது. எழுத்தை அவுட்லைனாக (கோட்டு வடிவமாக) மாற்றி, அந்த இரண்டு மூலைகளிலும் சின்னதாக ஒட்டுப் போடுங்கள். நானும் ஒரு ஷீட்டை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன்.

கல்யாணப் பத்திரிகையை ஆர்கேட் ஸ்டைலில் போடுகிறோம். தமிழ்ப் பெயர் வருமா?

வராது. இதில் லத்தீன், கிரேக்கம், சிரிலிக்தான். தமிழ் அடித்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் வேறு ஃபான்ட் வந்து உட்காரும், பட்டு வேட்டிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டது மாதிரி.

8×8-க்குள் தமிழைத் திணிக்கவும் முடியாது. சுழிக்குள் ஒரு வெற்றுக் கட்டமாவது வேண்டும். மூணு சுழி ‘ண’-வை 7 கட்டத்தில் நெருக்கினால் ரெண்டு சுழி ‘ன’ ஆகிவிடும், மணி மனி ஆகிவிடுவார். இகரக் குறிக்கும் உகரக் குறிக்கும் மேலும் கீழும் வேறு இடம் வேண்டும். ‘க்னூ யூனிஃபாண்ட்’ என்ற இலவச ஃபான்ட் 16 கட்ட உயரத்தில் தமிழ் வைத்திருக்கிறது, அதை மாதிரியாக வையுங்கள். ஆனால் பத்திரிகையில் இரண்டே பெயர்தானே? கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கையால் வரைவதே மேல். அப்புறம் அதை அப்படியே பிக்சலாக்கிக்கொள்ளலாம்.

டி-ஷர்ட் போட்டு விற்றால் காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். இதற்கு ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்ற உரிமம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது.