செஸ் பட்டங்களை ஏமாற்றி வாங்க முடியுமா? கோச்சின் பட்டத்தை எப்படிச் சரிபார்ப்பது?

முடியும், வாங்கியும் இருக்கிறார்கள். ருமேனியாவின் அலெக்சாண்ட்ரு கிரிசான் 1993-இல் செஸ்ஸின் உச்சப் பட்டமான கிராண்ட்மாஸ்டர் வாங்கியவர். ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், 2635 வரை ஏறியது. அவருடைய வெற்றிகள் நிஜம்தானா என்று சந்தேகம் கிளம்பிய காலத்தில், 2001-இல் ஸ்லோவேனியாவில் நடந்த விட்மர் நினைவுப் போட்டியில் ஆட வந்தார். 9 ஆட்டத்தில் அரைப் புள்ளி! ஆனாலும் பட்டம் பறிபோனது 2015-இல்தான்.

ஆட்டத்தின் நடுவே செல்போன், புளூடூத் வழியாக உதவி வாங்கும் ஆசாமிகள் வேறு ரகம். 2006-இல் டெல்லியில் ஒருவர் தொப்பிக்குள் புளூடூத்தைத் தைத்துக்கொண்டு ஆடி, 10 ஆண்டு தடை வாங்கினார். 58 வயதில் 2700 ரேட்டிங்கை நெருங்கிய கிராண்ட்மாஸ்டர் இகோர்ஸ் ரவுசிஸ் 2019-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கழிவறையில் போனோடு சிக்கினார். 6 ஆண்டு தடை, பட்டமும் போச்சு. கருவி என்று ஒன்று இருப்பதால் இவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பேசிவைத்துத் தோற்பவரை எதை வைத்துப் பிடிப்பது? காய் நகர்வுகளை எழுதும் ஸ்கோர்ஷீட்டில் எல்லாத் தோல்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 ரேட்டிங்கோடு, நார்ம்களும் வேண்டும், வழக்கமாக மூன்று. நார்ம் என்பது ஒரு போட்டியில் 2600 தரத்தில் ஆடியதற்குக் கிடைக்கும் தகுதி. கடைசி ரவுண்டில் அரைப் புள்ளி குறைந்தால்கூட நார்ம் கை நழுவலாம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கோ அந்த ஆட்டத்தால் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. பேரம் அங்கேதான் நுழைகிறது.

சின்ன அளவில் இதைப் பாண்டிச்சேரியிலேயே பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஒரு ஓபன் போட்டி. கடைசி ரவுண்டுக்கு முன்னால் டீக்கடையில் ஒரு அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "சார், உங்க பையனுக்கு எப்படியும் பிரைஸ் இல்ல. டிரா ஆனா என் பொண்ணுக்குக் கப் வரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என் டீக்கும் சேர்த்துக் காசை நீட்டினார். "பசங்க ஆடிக்கட்டும் சார்" என்று சொல்லி என் டீக்கு நானே கொடுத்தேன். பையன் அந்த ஆட்டத்தில் சுத்தமாகத் தோற்றான், அது வேறு கதை.

சரி, உங்கள் கோச் விஷயம். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பட்டம் இருந்தால் அங்கே இருக்கும். கிராண்ட்மாஸ்டருக்குக் கீழே உள்ள பட்டங்களில், ஃபிடே மாஸ்டருக்கு வழக்கமாக 2300, கேண்டிடேட் மாஸ்டருக்கு 2200 தொட வேண்டும். ஃபிளெக்ஸ் போர்டில் போடும் 'இன்டர்நேஷனல் ரேட்டட் பிளேயர்' பட்டமே கிடையாது. 2024 மார்ச் முதல் ரேட்டிங் 1400-இல் தொடங்குகிறது. எங்கள் மஞ்சக்குப்பத்தில் ஆறாவது படிக்கிற பிள்ளைகள்கூட வைத்திருக்கிறார்கள். ஆரம்பப் பாடத்துக்கு 1600 ரேட்டிங் உள்ள ஒரு பொறுமைசாலியே போதும். பட்டத்தைச் சொல்லி ஃபீஸை ஏற்றினால் மட்டும் ஃபிடே ஐடி நம்பரைக் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.