நிலா ஏன் இந்த அளவில் தெரிகிறது? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அவ்வளவு பெரிய நிலா நமக்கு ஏன் இத்தனூண்டாகத் தெரிகிறது?

நிலாவின் குறுக்களவு 3,474 கி.மீ., சராசரி தூரம் 3,84,400 கி.மீ. தூரத்தைக் குறுக்களவால் வகுத்தால் 110 சொச்சம் வரும். விஷயமே இந்த 110-தான். எந்தப் பொருளையும் அதன் அகலத்தைப்போல் 110 மடங்கு தள்ளி வைத்தால் நிலா அளவுக்குத்தான் தெரியும். அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுங்கள், 5 மி.மீ. இருக்கும். அதை ஈர்க்குச்சி நுனியில் ஒட்டிக்கொண்டு, பௌர்ணமி அன்று அந்தி வெளிச்சம் போவதற்குள் மொட்டைமாடிக்குப் போய், ஒரு கண்ணை மூடி, கண்ணிலிருந்து 55 செ.மீ. தள்ளி நிலாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அகலம். முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, குச்சியைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டே நின்றேன். கோணக் கணக்கில் சொன்னால் அரை டிகிரி.

கேள்வி: உதிக்கும்போது தாம்பாளம் மாதிரி இருக்கிறதே? காற்று பெரிதாக்கிக் காட்டுகிறதா?

இல்லை. காற்று பெரிதாக்குவதில்லை, அடிவானத்தில் நிலாவை மேலும் கீழும் லேசாக நசுக்கத்தான் செய்கிறது. உண்மையில் உதிக்கும் நிலா ஒன்றரை சதவீதம் போலச் சிறியது! தலைக்கு மேல் வரும்போது ஏறக்குறைய பூமியின் ஆரம் அளவுக்கு, அதாவது 6,400 கி.மீ. போல, நாம் நிலாவுக்குக் கிட்டே போய்விடுகிறோம். பெரிதாகக் காட்டுவது நம் மூளைதான். பக்கத்தில் மரமும் கோபுரமும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்பார்கள். ஆனால் நடுக்கடலில் போகிறவர்களுக்கும் பெரிதாகத்தான் தெரிகிறது, அதனால் அது முழுக் காரணம் ஆகாது. முழுக் காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. சந்தேகம் இருந்தால் அதே மிளகோடு 3 மணி நேரம் கழித்து மறுபடி மாடிக்குப் போங்கள்.

கேள்வி: போனில் எடுத்தால் புள்ளியாக வருகிறதே?

போன் கேமரா 70 டிகிரி போல அகலமாகப் பார்க்கிறது, நிலா அதில் அரை டிகிரி. படத்தின் அகலத்தில் 140-இல் ஒரு பங்கு. கேமரா பொய் சொல்லவில்லை.

கேள்வி: சூப்பர் மூன் 14 சதவீதம் பெரியது என்கிறார்களே?

நிலாவின் பாதை நீள்வட்டம். நிலா நமக்கு அருகில் வரும் சமயத்தில் விழும் பௌர்ணமியைத்தான் சூப்பர் மூன் என்கிறார்கள். மிக அருகில் வரும்போது சுமார் 3,56,500 கி.மீ., மிகத் தள்ளிப் போகும்போது சுமார் 4,06,700 கி.மீ. அந்த 14 சதவீதம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம். வழக்கமான பௌர்ணமியோடு ஒப்பிட்டால் 7 சதவீதம் போலத்தான், வெறும் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். ஆனால் இரண்டு படங்களையும் ஒரே லென்ஸில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரியும்.

கேள்வி: சூரியனும் நிலாவும் ஒரே அளவாகத் தெரிவது எப்படி?

தற்செயல்தான். சூரியன் நிலாவைவிட சுமார் 400 மடங்கு அகலம், தூரமும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு. ஆனால் துல்லியமாக ஒன்றல்ல. 2019 டிசம்பர் 26 காலையில் கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை, யாழ்ப்பாணம் வழியாகப் போன வளைய கிரகணம் நினைவிருக்கிறதா? ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் போகும், அதனால் அந்த நாட்களில் சூரிய வட்டம் சற்றுப் பெரியது, அன்றைய நிலா வட்டமோ அதைவிட 3 சதவீதம் போலச் சிறியது. அதனால் முழுக்க மூட முடியாமல் சுற்றிலும் 3 நிமிடம் ஒளி வளையம் நின்றது. வேப்பமரத்தடியில் நின்றவர்கள் அண்ணாந்து பார்க்கவே வேண்டியதில்லை. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளையாகி, தரையெல்லாம் வளையல் வளையலாக வெளிச்சம் விழுந்திருந்தது.

கேள்வி: நிலா விலகிப் போகிறது என்பது உண்மையா?

உண்மை. வருடத்துக்கு 3.8 செ.மீ. அப்போலோ 11, 14, 15 பயணங்களில் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களை நோக்கி லேசர் அடித்து, அது திரும்பிவர எடுக்கும் இரண்டரை விநாடியை நுட்பமாக அளந்து கண்டுபிடித்தது. காரணம் கடல் ஓதம், அதாவது நிலாவின் ஈர்ப்பால் கடல் நீர் புடைத்து ஏறி இறங்குவது. பூமி வேகமாகச் சுழல்வதால் ஓதப் புடைப்பு நிலாவுக்குச் சற்று முன்னால் தள்ளிப்போய், நிலாவை முன்னோக்கி இழுக்கிறது. நிலா மெல்ல விலகுகிறது, பூமியின் சுழற்சி மெல்லக் குறைகிறது. இப்படியே போனால் சுமார் 60 கோடி வருடங்களில் முழு சூரிய கிரகணமே நின்றுபோகும். அப்புறம் வளையம் மட்டும்தான்.