கதை கேக்குறாங்க, எழுத சொன்னா மூணே வரி

கேள்வி: நான் மூணாங்கிளாஸ் டீச்சர். 40 பசங்க, படப்புத்தகம் ஒரே காப்பி. வாசிச்சு காட்டினா அவ்ளோ ஆசையா கேக்குறாங்க, ஆனா நோட்டுல எழுத சொன்னா எல்லாரும் அச்சடிச்ச மாதிரி 'கதை நன்றாக இருந்தது, எனக்குப் பிடித்தது, நீதி: பொய் சொல்லக் கூடாது'னு மூணு வரியோட முடிச்சிடறாங்க. இத எப்படி மாத்துறது?

தப்பு பசங்க மேல இல்ல டீச்சர், அந்த மூணு வரிய எழுத நாமதான் பழக்கி விட்டிருக்கோம். கதை முடிஞ்ச கையோட 'இதுலருந்து என்ன தெரிஞ்சிக்கிட்டோம்'னு கேட்டா அந்த புள்ள வேற என்னதான் எழுதும்? கதைய முழுசா புத்தகமே சொல்லி முடிச்சாச்சு, அதையே திருப்பி எழுதுறதுல யாருக்கு சுவாரசியம் இருக்கும், எனக்கே இருக்காது. அதனால புத்தகம் சொல்லாம விட்டத எழுத சொல்லுங்க. நல்ல படப்புத்தகத்துல வார்த்தை ஒன்னு சொல்லும், படம் வேற ஒன்ன காட்டும், அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் புள்ளைங்களுக்கு எழுத இடம் இருக்கு.

பாட் ஹட்சின்ஸ் 1968ல வெளியிட்ட 'ரோசிஸ் வாக்'ன்ற புத்தகத்த எடுத்துக்கோங்க. மொத்தமே ஒரே வாக்கியம், இங்கிலீஷ்ல 32 வார்த்தை. ஒரு கோழி பண்ணைய ஒரு சுத்து சுத்திட்டு சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேருது, அவ்ளோதான். ஆனா படத்துல பாத்தா ஒரு நரி பின்னாடியே பதுங்கி பதுங்கி வருது, குளத்துல விழுது, தலையில மாவு கொட்டுது, கடைசில தேனீ தொரத்த ஓடுது. வார்த்தையில நரின்ற பேச்சே கிடையாது! கோழிக்கும் எதுவுமே தெரியாது. பாத்துட்டு இருக்கிற பசங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதான் 'பின்னாடி பாரு பின்னாடி பாரு'னு கத்துவாங்க. அந்த கத்தல்தான் நமக்கு வேணும், அத அப்படியே பேப்பருக்கு கொண்டு வாங்க. 'நரி வீட்டுக்கு போயிடுச்சு, உடம்பெல்லாம் மாவு, அவங்க அம்மா ஏன்டா இப்படின்னு கேக்குறாங்க, நரி என்ன சொல்லும்?' இவ்ளோதான் கேள்வி. 'நான் கோழி பக்கமே போகலம்மா, சும்மா வாக்கிங் போனேன், மாவு தானா வந்து விழுந்துச்சு'ன்ற மாதிரி பொய் சரம் சரமா வரும் பாருங்க. நீதிய விட எனக்கு அந்த பொய்தான் பிடிக்கும்.

எழுதறதுக்கு முன்னாடி பாக்க பழக்கணும். முதல் தடவ நடுவுல நிறுத்தாம, கேள்வியே கேக்காம கதைய வாசிச்சிடுங்க, ரெண்டாவது தடவ ஒரே ஒரு படத்த மட்டும் எடுத்து அரை நிமிஷம் எல்லாரும் சத்தமில்லாம பாக்கட்டும் (40 பேருக்கு ஒரு புத்தகம் எப்படி தெரியும்னா, புரொஜெக்டர் இருந்தா அந்த பக்கத்த போட்டோ எடுத்து காட்டுங்க, இல்லன்னா பாதி பேர் முன்னாடி வந்து தரையில உக்காரட்டும், மீதி பேருக்கு அடுத்த நாள்). அப்புறம் மூணே கேள்வி. இந்த படத்துல என்ன நடக்குது? எத பாத்து அப்படி சொல்ற? இன்னும் என்ன தெரியுது? இது ஓவியம் பாக்க வரவங்களுக்காக அபிகெயில் ஹவுசன், பிலிப் யெனவைன்னு ரெண்டு பேர் உருவாக்கின முறை, கிளாஸுக்கும் அப்படியே பொருந்தும். இதுல ரெண்டாவது கேள்விய விட்டுடாதீங்க, 'அவன் சோகமா இருக்கான்'னு சொன்ன புள்ள 'ஏன்னா தோள் தொங்கிப்போச்சு, ஒரு கால்ல செருப்பில்ல'னு சொல்ல ஆரம்பிக்கும், அந்த செருப்புதான் நாளைக்கு நோட்டுல வரியா வரும்.

அடுத்து பசங்களையே புத்தகம் போட சொல்லுங்க. பெரும்பாலான படப்புத்தகம் 32 பக்கம் இருக்கும், பெரிய தாள அச்சடிச்சு மடிச்சு வெட்டுறதால பக்கம் 8, 16னு மடங்காதான் வரும். நமக்கு 8 போதும், ஒரு ஏ4 பேப்பர் போதும், ஸ்டேப்ளரும் வேண்டாம் பசையும் வேண்டாம். மடிச்சு மடிச்சு 8 கட்டம் வர மாதிரி கோடு போட்டுட்டு விரிச்சிடுங்க. இப்ப நீளம் பாதியாகிற மாதிரி ஒரு தடவ மடிச்சு, மடிப்பு இருக்கிற பக்கத்துலருந்து நடுக்கோட்டுல ஒரு கட்டம் மட்டும் வெட்டுங்க. திரும்ப விரிச்சு, நீளவாக்குல மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் புடிச்சு உள்ள தள்ளினா நடுவுல வாய் தொறந்து பிளஸ் குறி மாதிரி நிக்கும், அத ஒரே பக்கமா சுத்தி மடிச்சா புத்தகம். முன்னட்டை பின்னட்டை போக கதைக்கு 6 பக்கம்.

முன்னட்டைய ஒன்னுன்னு எண்ணினா 3, 5 ரெண்டும் வலது கை பக்கமா வரும், அங்கதான் சூட்சுமம். 'கதவ மெதுவா தொறந்தா...'னு அங்க நிறுத்தணும், உள்ள என்ன இருக்குன்றது திருப்பினாதான் தெரியணும். இத ஒரு தடவ புரிஞ்சிக்கிட்ட பசங்க அப்புறம் யார் புத்தகத்த பாத்தாலும் 'இங்க நிறுத்தியிருக்கலாம்'னு குறை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. இன்னொரு கண்டிஷன், படத்துல வரைஞ்சத வார்த்தையில எழுதக்கூடாது. பலூன் சிவப்புன்னு படமே சொல்லுது, அது வெடிச்ச சத்தம், அப்ப மனசுல என்ன நினைச்சான், இதெல்லாம் படத்தால சொல்ல முடியாது, அத எழுது. அட்டைய கடைசில வரைய விடுங்க, இல்லன்னா பீரியட் பூரா தலைப்புக்கு கலர் அடிச்சே போயிடும், அனுபவத்துல சொல்றேன்.

திருத்துறத பத்தி. முதல் டிராஃப்ட்ல சிவப்பு பேனா வேண்டவே வேண்டாம். ல ள ழ தப்பா இருக்கும், ஒத்து விட்டுப்போயிருக்கும், இருக்கட்டும், புத்தகத்துல எழுதறதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்து திருத்திக்கலாம். நரி 'போவுது'னு எழுதினா உடனே 'செல்கிறது'ன்னு மாத்தாதீங்க, யாராவது பேசுற இடத்துல பேச்சுத்தமிழ் இருந்தாதான் அந்த நரிக்கு உயிர் இருக்கும். எழுதவே வராத புள்ள சொல்ல சொல்ல நீங்க எழுதுங்க, ஒரு வார்த்தையும் மாத்தாம, அப்புறம் அதையே அவன படிக்க சொல்லுங்க. தான் சொன்னதுன்றதால தடுமாறாம படிச்சிடுவான்.

உங்க ஸ்கூல்ல பெரிய கிளாஸ் பசங்க 'இது பாப்பா புக்'னு மூஞ்ச சுளிச்சா, ஒன்னாங்கிளாஸ் பசங்களுக்கு வாசிச்சு காட்ட ஒரு புத்தகம் பண்ணுங்கடானு அவங்க டீச்சர சொல்ல சொல்லுங்க. ரெண்டாவது பக்கத்துலயே அந்த வாண்டு எழுந்து ஓடிடுச்சுன்னா, எத வெட்டணும்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும்.