வாசகர் கேள்வி – பதில்: 1850-க்கு முன் வாழ்ந்த தந்தையைத் தேடி

கேள்வி: என் மருமகன் அமெரிக்கர். அவருடைய முன்னோர் ஒருவர் வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்குக் குடிபெயர்ந்து உழவு செய்தவர் என்று சம்பந்தி வீட்டார் சொல்கிறார்கள். 1850-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கென்டக்கி மாநிலத்தில், வயது 52, தொழில் உழவு, பிறந்த இடம் வர்ஜீனியா என்று அவர் பெயர் கிடைத்துவிட்டது. அவருடைய தந்தையின் பெயரை முந்தைய கணக்கெடுப்புகளில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பேத்திக்காகக் கேட்கிறேன், வழிகாட்ட வேண்டுகிறேன்.
– ஒரு வாசகி, கொலம்பஸ், ஒஹாயோ

பதில்: அம்மா, "இவர் இன்னாருடைய மகன்" என்னும் செய்தி அந்தக் கணக்கெடுப்புகள் எதிலும் எழுதப்படவில்லை. 1790-இல் நடந்த முதல் கணக்கெடுப்பிலிருந்து 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டுமே எழுதினார்கள்; வீட்டிலிருந்த மற்றவர்கள் ஆண், பெண், வயது வரம்பு என்று பிரிக்கப்பட்ட கட்டங்களில் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். அடிமைப்படுத்தப்படாத ஒவ்வொருவருடைய பெயரும், வயதும், பிறந்த மாநிலமும் முதன்முதலாக 1850-இல்தான் பதிவாயின. அந்த ஆண்டிலும் உறவுமுறை கேட்கப்படவில்லை. குடும்பத் தலைவருக்கு இன்ன உறவு என்று எழுதும் வழக்கம் 1880-இல்தான் வந்தது. ஆகவே 1850-இல் ஒரே வீட்டில் ஒரு முதியவர் இருந்தால்கூட, அவரைத் தந்தை என்று உடனே எழுதிவிட வேண்டாம்.

ஆயினும் அந்த எண்ணிக்கைகள் பயன்படும். 1850-இல் 52 வயது என்றால் அவர் 1798-ஐ ஒட்டிப் பிறந்தவர். 1810-இல் அவருக்கு வயது 12. அந்தக் கணக்கெடுப்பில் "10 முதல் 16-க்குள்" என்ற ஆண்கள் கட்டத்தில், யாரோ ஒருவருடைய பெயருக்கு நேராக, ஓர் எண்ணாக அவர் இருக்கிறார். 1820-இல் "16 முதல் 26-க்குள்" என்ற கட்டத்துக்கு நகர்ந்திருப்பார். கென்டக்கியின் 1790, 1800 ஏடுகள் அழிந்துவிட்டன. 1810-ஆம் ஆண்டு ஏடுகள் இருக்கின்றன. அதே கவுண்டியில் (மாநிலத்தின் உட்பிரிவான மாவட்டத்தில்) அதே குடும்பப் பெயருடைய எல்லா வீடுகளையும் ஒரு தாளில் எழுதி, 1810-இல் அந்த வயதுச் சிறுவன் இருக்கக்கூடிய வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறி மாறி வரும். காதில் விழுந்தபடி எழுதிய காலம் அது. பெரும்பாலும் மூன்று நான்கு வீடுகள் தேறும்.

அவற்றுள் எது சரியான வீடு என்பதை வரிப் பட்டியல்தான் சொல்லும். என் அனுபவத்தில், 1850-க்கு முந்தைய கென்டக்கிக் குடும்பங்களை மீட்பதற்கு இதற்கு இணையான ஆவணம் வேறு இல்லை. கணக்கெடுப்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். வரி அலுவலரோ ஆண்டுதோறும் வருவார். கென்டக்கி 1792 ஜூன் 1 அன்று தனி மாநிலமானது. அந்த ஆண்டு தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் விடுபட்டிருந்தாலும், கவுண்டிவாரியாகப் பட்டியல்கள் கிடைக்கின்றன. 21 வயது கடந்த வெள்ளை ஆண், ஒரு காணி நிலம் இல்லாதவராக இருந்தாலும், பட்டியலில் இடம்பெற்றார். பெயருக்கு நேரே ஏக்கர் எவ்வளவு, நிலம் எந்த ஓடைக் கரையில் இருக்கிறது, அது முதலில் யார் பெயரில் பதிவாகி, அளக்கப்பட்டு, பட்டா ஆனது, வீட்டில் 21 வயது கடந்த ஆண்கள் எத்தனை பேர், 16 முதல் 21 வயதுக்குள் எத்தனை பேர், அடிமைகள் எத்தனை பேர், குதிரைகள் எத்தனை என்று கட்டங்கள் நீளும்.

தங்கள் மருமகனின் முன்னோரை அந்தக் கட்டங்களில் வைத்துப் பார்ப்போம். அவர் 1814-ஐ ஒட்டி 16 வயதைத் தொடுகிறார். 1819-ஐ ஒட்டி 21 ஆகிறது. தந்தையாக இருக்கக்கூடிய ஒருவருடைய வரியில் 1813 வரை அந்த இளைஞர் கட்டம் காலியாக இருக்கிறது. 1814 முதல் 1818 வரை "1" என்று இருக்கிறது. 1819-இல் மறுபடியும் காலியாகிறது. அதே 1819-இல், அதே பட்டியலில், ஏக்கர் கட்டம் வெறுமையாக, ஒரே ஒரு குதிரையோடு, தாங்கள் தேடும் பெயர் முதன்முறையாகத் தோன்றுகிறது. இப்படி அமைந்தால், அந்த இளைஞர் எந்த வீட்டை விட்டு வெளியே வந்தார் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். சில ஆண்டுகள் கழித்து அவருக்கு நிலம் வரும்போது, அது தந்தையின் நிலம் இருந்த அதே ஓடைக் கரையில் இருந்து, முதல் பட்டாதாரர் பெயரும் ஒன்றாகவே இருந்தால், ஐயம் இன்னும் குறையும். இந்த மாற்றம் தெரிய வேண்டுமானால் ஓர் ஆண்டைக்கூட விடாமல் படித்தாக வேண்டும். ஓர் ஆண்டின் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவருக்கு இந்தப் பட்டியல் எதையும் சொல்லாது.

ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஒரே பெயருடைய இருவரில் ஒருவருக்கு "சீனியர்" என்றும் மற்றவருக்கு "ஜூனியர்" என்றும் எழுதியிருப்பார்கள். அக்காலத்தில் அது ஊரில் மூத்தவர், இளையவர் என்பதை மட்டுமே குறித்தது. சித்தப்பாவும் அண்ணன் மகனும் அப்படி எழுதப்பட்டார்கள், உறவே இல்லாதவர்களும் எழுதப்பட்டார்கள். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன், ஒரு ஜூனியரை மகன் என்று நம்பி, வேறொரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை நான் எழுதி முடித்துவிட்டேன். பின்னர் ஒரு பத்திரத்தில் இருவரும் சித்தப்பா, மகன் முறை என்று தெரிந்ததும் அனைத்தையும் அழிக்க வேண்டியதாயிற்று.

அடுத்தது நிலப் பத்திரங்கள். கவுண்டி நீதிமன்றத்தின் பத்திர ஏடுகளுக்கு எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஓர் அகரவரிசையும், எழுதி வாங்கியவர் பெயரில் ஓர் அகரவரிசையும் உண்டு. ஒருவர் வாங்கிய நிலங்களையும் விற்ற நிலங்களையும் நேருக்கு நேர் எழுதிப் பாருங்கள். வாங்கிய பத்திரமே இல்லாமல் ஒருவர் நிலத்தை விற்றால், அது அரசிடமிருந்து பட்டாவாக வந்திருக்க வேண்டும், அல்லது தந்தை வழியிலோ மனைவி வழியிலோ வந்திருக்க வேண்டும். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால், பிள்ளைகள் அனைவரும் சேர்ந்து நிலத்தை விற்கும் வாரிசுப் பத்திரம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மகன்கள், மகள்கள், மகள்களின் கணவர்கள் என்று எல்லார் பெயரும் அதில் வரும். ஆனால் அகரவரிசையில் முதல் பெயரை மட்டும் எழுதி "மற்றும் பிறர்" என்று முடித்திருப்பார்கள். அந்த முதல் பெயர் ஒரு மருமகனுடையதாக இருந்துவிட்டால், தங்கள் குடும்பப் பெயரை மட்டுமே தேடிக்கொண்டிருந்தால் அந்தப் பத்திரம் கண்ணில் படவே படாது. ஆகவே சகோதரிகள் மணந்துகொண்ட குடும்பங்களின் பெயர்களையும் தேடுங்கள். தந்தை இறந்து முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட இத்தகைய பத்திரம் பதிவாவது உண்டு. தாயின் ஆயுள் முடியும்வரை பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

கென்டக்கிப் பத்திரங்களின் செக்குபந்தியை, அதாவது நிலத்தின் எல்லை விவரத்தை, விடாமல் படியுங்கள். ஓடைக் கரையிலுள்ள ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இன்ன திசையில் இத்தனை "போல்" (pole) தூரம் சென்று, இன்னாருடைய மூலையைத் தொட்டு, மீண்டும் தொடங்கிய மரத்துக்கே வந்து சேரும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களும் சாட்சிகளின் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. அவர்களில் பலர் உறவினர்களாகவோ, வர்ஜீனியாவிலிருந்து கூடவே வந்தவர்களாகவோ இருப்பார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஒருவர் கையெழுத்திடுபவரா, கைக்குறி இடுபவரா என்பதும் அடையாளம் காண உதவும். ஏட்டில் இருப்பது எழுத்தரின் நகல்தான் என்றாலும், கைக்குறி இருந்தால் அதையும் "அவரது குறி" என்று அவர் பெயர்த்து எழுதியிருப்பார்.

வர்ஜீனியாவில் எந்தக் கவுண்டி என்பதற்கும் இதே வழிதான். பிள்ளை 1798-இல் அங்கே பிறந்திருப்பதால் குடும்பம் அதன் பிறகே புறப்பட்டது. தந்தை எனக் கருதுபவர் கென்டக்கி வரிப் பட்டியலில் முதலில் தோன்றும் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அதே ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ வர்ஜீனியாவின் எந்தக் கவுண்டிப் பட்டியலிலிருந்து அந்தப் பெயர் மறைகிறது என்று பாருங்கள். அவருடைய பக்கத்து நிலக்காரர்களும் அதே கவுண்டியிலிருந்து மறைந்திருந்தால் தேடல் சரியான திசையில் செல்கிறது. குடிபெயர்ந்த பிறகு பழைய நிலத்தை விற்றவர்கள், "கென்டக்கி மாநிலம் இன்ன கவுண்டியில் வசிக்கும் நான்" என்று வர்ஜீனியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு வரி கிடைத்தால் இரு மாநிலங்களும் இணைந்துவிடும். அதன் அடியில் மனைவி தன் பங்குரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகமும் இருக்கக்கூடும். கணவரைத் தள்ளி நிறுத்தி, அவளைத் தனியே கேட்டு எழுதியது அது. பேத்திக்கு முன்னோரான ஒரு மூதாட்டியின் பெயர் அங்கிருந்து கிடைக்கலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். மாநிலமானபோது கென்டக்கியில் 9 கவுண்டிகளே இருந்தன, இன்று 120. கவுண்டி பிரிந்தாலும் பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். அசையாமல் ஒரே நிலத்தில் வாழ்ந்தவரின் ஆவணங்கள் இரண்டு மூன்று நீதிமன்றங்களில் சிதறியிருக்கும். மற்றொன்று, மத்திய அரசின் நிலப் பட்டாக்களைக் காட்டும் இணையத் தொகுப்பில் வர்ஜீனியாவையும் கென்டக்கியையும் தேடிக் களைத்துப்போக வேண்டாம். அங்கே நிலம் வழங்கியது மாநில அரசு. வரிப் பட்டியல்களிலும் பத்திர ஏடுகளிலும் பெரும்பகுதியை ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். சிலவற்றை அதன் மையங்களிலோ இணைவு பெற்ற நூலகங்களிலோ மட்டும் திறக்க முடியும்.

கேள்வி: என் கணவரின் முன்னோர் வாழ்ந்த வர்ஜீனியக் கவுண்டியில் நீதிமன்றம் எரிந்து, பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. 1790 கணக்கெடுப்பில் மட்டும் பெயர் இருப்பதாக உறவினர் ஒருவர் எழுதியிருக்கிறார். இனி வழியுண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்த 1790 செய்தியைத் திருத்திக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவின் 1790 கணக்கெடுப்பு ஏடுகள் அழிந்துவிட்டதால், 1782 முதல் 1785 வரையிலான வரி மற்றும் மாநிலக் கணக்குப் பட்டியல்களைத் திரட்டி, 1908-இல் அதற்கு ஈடாக அச்சிட்டார்கள். தங்கள் உறவினர் பார்த்தது அந்த நூலாகத்தான் இருக்கும். அதில் பெயர் இருப்பதால் அவர் 1790-இல் உயிரோடு இருந்தார் என்று ஆகாது.

தங்களுக்கு நல்ல செய்தி வரிப் பட்டியலிலேயே இருக்கிறது. 1782 முதல் நிலவரிக்கு ஒன்றும், தலைவரி மற்றும் அசையும் சொத்துக்கு ஒன்றுமாக இரு பட்டியல்கள் எழுதப்பட்டு, ஒரு படி ரிச்மண்டிலுள்ள மாநிலக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. பக்கிங்ஹாம் கவுண்டியின் நீதிமன்றம் 1869-இல் எரிந்தபோது உள்ளூர் ஏடுகள் போயின. ரிச்மண்டுக்குச் சென்ற படிகள் பிழைத்தன. அவை இன்று வர்ஜீனிய மாநில நூலகத்தில் உள்ளன. ஆண்டுக்கு ஆண்டு ஏக்கர் எண்ணிக்கையைத் தொடர்ந்து பாருங்கள். தந்தை பெயரில் இருந்த 300 ஏக்கர் ஓர் ஆண்டில் "இன்னாரின் சொத்து" என்று மாறி, பின்னர் நூறு நூறாக மூன்று பெயர்களுக்குப் பிரிந்தால், எரிந்துபோன பாகப் பிரிவினையைத் தாங்கள் கண்ணால் பார்த்தது போலத்தான். உயில் இல்லாவிட்டால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டம் வர்ஜீனியாவில் 1787 ஜனவரி 1 முதல் நீங்கியது. அதற்கு முன் இறந்தவராயின் நிலம் பிரியாமல் ஒருவருக்கே போயிருக்கும், இளையவர்கள் நிலமின்றித் தலைவரிப் பட்டியலில் மட்டும் இருப்பார்கள்.

கேள்வி: என் மருமகளின் முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். 1870-க்கு முன் எந்தக் கணக்கெடுப்பிலும் பெயர் இல்லை. இத்தகைய ஆவணங்கள் எங்களுக்கும் உதவுமா?

பதில்: உதவும்; ஆனால் படிப்பதற்கு நெஞ்சுறுதி வேண்டும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் உடைமையாளரின் பெயரின்கீழ் வயது, பால், நிறம் மட்டுமே எழுதினார்கள். மனிதரின் பெயர் பெரும்பாலும் இல்லை. பெயர்கள் இருப்பது, அவர்களைச் சொத்தாகப் பதிவு செய்த ஏடுகளில்தான். நிலத்துக்கு எழுதிய அதே பத்திர ஏட்டில் மனிதரை விற்றதும், அடகு வைத்ததும், "அன்பின் பொருட்டு" மகளுக்குத் தானமாக எழுதியதும் பெயரோடு இருக்கின்றன. 1780-களின் வர்ஜீனிய வரிப் பட்டியல்கள் சிலவற்றிலும் அவர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன.

முதலில் கடைசி உடைமையாளரைக் கண்டறிய வேண்டும். 1870-இல் குடும்பம் தாங்கிய குடும்பப் பெயர் அவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்; அதை மட்டும் நம்ப வேண்டாம். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்கு விண்ணப்பங்களில் பெற்றோர், உடன்பிறந்தோர், சில வேளைகளில் பழைய உடைமையாளரின் பெயரும் உண்டு. வர்ஜீனியக் குடும்பமாயின், 1866-இல் கணவன் மனைவியாக வாழ்ந்தோரைப் பதிவு செய்த ஏடு, அந்தக் கவுண்டிக்குப் பிழைத்திருந்தால், பிள்ளைகளின் பெயர்களையும் கடைசி உடைமையாளரையும் ஒரே வரியில் தரும்.

உடைமையாளர் பெயர் தெரிந்ததும், அவர் இறந்தபோது எழுதப்பட்ட சொத்து மதிப்பீட்டைத் தேடுங்கள். கலப்பைக்கும் கறவைக்கும் நடுவில், ஒரு பெண்ணின் பெயரும் "அவளுடைய குழந்தை" என்ற சொல்லும் குழந்தையின் பெயரும் ஒரே வரியில், ஒரே விலையில் இருக்கும். அந்த வரியை மட்டும் நறுக்கி எடுக்காமல் முழுப் பக்கத்தையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழும் உள்ள பெயர்கள் அவளுடைய தாயாகவோ உடன்பிறந்தவர்களாகவோ இருக்கலாம். பிறகு, பாகப் பிரிவினையில் அவர்கள் ஒவ்வொருவரும் உடைமையாளரின் எந்தப் பிள்ளைக்குப் போனார்கள் என்று பார்த்து, அந்தப் பிள்ளையின் வரிப் பட்டியலையும் பத்திரங்களையும் 1865 வரை தொடருங்கள்.